நோட்ஸ் எழுதுறோம், தேடும்போது கிடைக்கலையே? ஒரு லிங்க் போட்டுப் பாருங்க

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

போன எபிசோடுக்கு அப்புறம் ஒரகடத்துல மெயின்டனன்ஸ்ல வேலை பார்க்கிற ஒருத்தர் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். "ப்ரோ, மூணு வருஷமா எல்லாத்தையும் நோட் பண்ணி வெச்சிருக்கேன். ஆனா மெஷின் நிக்கும்போது எந்த நோட்டைத் திறக்கணும்னு தெரியல. என்ன பண்றது?"

இந்த எபிசோடு முழுக்க அந்தக் கேள்விக்கான பதில்தான்.

ஃபோல்டர் எங்கே தோற்குது?

நாம பெரும்பாலும் ஃபோல்டர் போட்டுத்தான் நோட்ஸ் வைக்கிறோம். கன்வேயருக்கு ஒண்ணு, பிரஸ்ஸுக்கு ஒண்ணு, ரோபோவுக்கு ஒண்ணு. பிரச்சினை என்னன்னா, ஒரு நோட்டு ஒரு ஃபோல்டர்லதான் இருக்க முடியும். ஆனா கோளாறு அப்படி ஒரே இடத்துல இருக்காது.

உதாரணத்துக்கு, நவம்பர் மாசம் கன்வேயர் நின்னுடுச்சுன்னு வெச்சுக்குவோம். பார்த்தா ப்ராக்ஸிமிட்டி சென்சாரோட கனெக்டர்ல ஈரம். அதை கன்வேயர் ஃபோல்டர்ல எழுதுறீங்க. அடுத்த மாசம் பிரஸ்ல அதே ஈரம். அது பிரஸ் ஃபோல்டருக்குப் போகுது. ரெண்டும் ஒரே கதைன்னு எந்த ஃபோல்டரும் உங்களுக்குச் சொல்லாது.

விக்கி நோட்ஸ்ல என்ன பண்ணுவோம்? எழுதுற வாக்கியத்துக்குள்ளேயே லிங்க் போடுவோம்: "கன்வேயர் நின்னுச்சு, காரணம் [[கனெக்டரில் ஈரம்]]." இரட்டைச் சதுர அடைப்புக்குறிக்குள்ள எழுதினா அது ஒரு பக்கத்துக்கான லிங்க். பிரஸ் நோட்டுலயும் அதே லிங்க்கைப் போடுங்க. இப்போ "கனெக்டரில் ஈரம்" பக்கத்தைத் திறந்தா, அதைக் குறிப்பிட்ட எல்லா நோட்டும் கீழே வரிசையா வந்து நிக்கும். இதுக்குப் பேர்தான் பேக்லிங்க். உள்ளே மேஜிக் எதுவும் இல்லை. மென்பொருள் உங்க ஃபைல்களைப் படிச்சு, யார் யாரைக் குறிப்பிட்டிருக்காங்கன்னு தலைகீழா ஒரு பட்டியல் போடுது, அவ்வளவுதான்.

பலன் ஒரு வருஷம் கழிச்சுத் தெரியும். நாலு நோட்டு, நாலும் அக்டோபர்ல இருந்து டிசம்பருக்குள்ள. அப்போதான் புரியும், இது மெஷின் பிரச்சினை இல்லை, மழைக்காலப் பிரச்சினைன்னு. அடுத்த வருஷம் செப்டம்பர்லயே கனெக்டர் சீலை செக் பண்ணிடலாம்.

இல்லாத பக்கத்துக்கும் லிங்க்

இந்த யோசனை புதுசு இல்லை. ஜெர்மன் சமூகவியலாளர் நிக்லாஸ் லூமான் கம்ப்யூட்டரே இல்லாம, சுமார் 90,000 காகித அட்டைகள்ல எண் போட்டு ஒண்ணோட ஒண்ணை இணைச்சு வெச்சிருந்தார். 1995-ல வார்ட் கன்னிங்ஹாம் உலகத்தோட முதல் விக்கியைத் திறந்தார். அதுல ஒரு அழகான விஷயம் இருந்தது: இன்னும் எழுதாத பக்கத்துக்கும் லிங்க் போடலாம்.

விக்கிப்பீடியாவுல சிவப்பா தெரியுமே, அந்த லிங்க்தான். "இந்தப் பக்கம் இன்னும் இல்லை, தெரிஞ்சவங்க எழுதுங்க"ன்னு அர்த்தம். 2003-ல தமிழ் விக்கிப்பீடியா தொடங்கினப்போ ஏறக்குறைய எல்லாமே சிவப்புதான். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த கட்டிடக் கலைஞர் மயூரநாதன், அந்த வருஷ நவம்பர்ல இருந்து ஒவ்வொரு பக்கமா எழுத ஆரம்பிச்சார். அப்புறம் ஒவ்வொருத்தரா வந்து சேர்ந்தாங்க. இன்னைக்கு அங்க ஒரு லட்சத்துக்கும் மேல கட்டுரைகள் இருக்கு.

உங்க நோட்ஸ்லயும் இதையே பண்ணுங்க. புரியாத வார்த்தை வந்தா, விளக்கம் எழுத உட்காராதீங்க. லிங்க் மட்டும் போட்டு நகருங்க. எந்தக் காலிப் பக்கத்துக்கு அதிக லிங்க் வருதோ, அடுத்து நீங்க படிக்க வேண்டியது அதுதான்.

நோட்ஸ் யார் கையில்?

சரி, எந்த ஆப்? அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி: நாளைக்கு அந்தக் கம்பெனி மனசு மாறினா உங்க நோட்ஸ் என்ன ஆகும்? 2023 டிசம்பர்ல எவர்நோட், இலவசப் பயனர்களுக்கு 50 நோட்டுதான்னு வரம்பு வெச்சது. பழைய நோட்டு அழியல. ஆனா 50-ஐத் தாண்டிப் புதுசா எழுதணும்னா காசு கட்டணும்.

அதனால நான் பார்க்கிறது ரெண்டு விஷயம். ஒண்ணு, நோட்ஸ் சாதாரண டெக்ஸ்ட் ஃபைலா என் கம்ப்யூட்டர்ல இருக்கணும். ரெண்டு, முடிஞ்சா ஓப்பன் சோர்ஸா இருக்கணும். லாக்சீக் ரெண்டுக்கும் பொருந்தும். அப்சிடியன் ஓப்பன் சோர்ஸ் இல்லை, ஆனா ஃபைல்கள் சாதாரண டெக்ஸ்ட்தான். 2004-ல ஜெரமி ரஸ்டன் தொடங்கின டிட்லிவிக்கி இன்னும் விசேஷம்: மொத்த விக்கியும் ஒரே ஒரு ஹெச்டிஎம்எல் ஃபைல். பென்டிரைவ்ல போட்டு எடுத்துட்டுப் போகலாம்.

முக்கியமான எச்சரிக்கை. நம்ம பக்கம் பல கம்பெனிகள்ல கேட்லயே போன் கேமராவுக்கு ஸ்டிக்கர் ஒட்டுறாங்க. காரணம் இருக்கு. கம்பெனி டிராயிங், பார்ட் நம்பர், புரொக்ராம் எதையும் சொந்த நோட்ஸ்ல வைக்காதீங்க. "ஈரம் சென்சாரை எப்படி ஏமாத்துது"ங்கிற புரிதல் உங்களுடையது. அதை மட்டும் எழுதுங்க.

கம்யூனிட்டி ஏன் இழுக்குது?

ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையை ஞாபகம் இருக்கா? 2006-ல உற்பத்தி தொடங்கி, 2014 நவம்பர் 1-ஆம் தேதி நின்னது. பிறகு அந்த இடத்துக்கு சால்காம்ப் வந்தது. கட்டிடத்துக்கு அடுத்த ஆள் கிடைச்சாச்சு. ஆனா லைன்ல நின்னவங்க கத்துக்கிட்டது? எழுதி வைக்காத அனுபவம் ஆளோட சேர்ந்து கேட்டைத் தாண்டிப் போயிடும். ட்ரெய்னியும் கான்ட்ராக்ட்டும் மாறிக்கிட்டே இருக்கிற இந்த ரோட்டுல, இது தினமும் சின்ன அளவுல நடக்குது.

ஓப்பன் சோர்ஸ் கம்யூனிட்டியில எனக்குப் பிடிச்சது இதுக்கு நேர் எதிர்ப்பக்கம். ஒருத்தர் விலகினாலும் அவர் எழுதின கோடு, அதுக்கான காரணம், அதைப் பத்தின சண்டை எல்லாமே பொதுவுல நிக்கும். அடுத்து வர்றவர் அங்கிருந்து தொடரலாம். உள்ளே போக கேட் பாஸும் வேண்டாம், ரெஃபரன்ஸும் வேண்டாம். ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தினாலே நீங்களும் பங்களிப்பாளர்தான்.

இதுக்காக பெங்களூரு போக வேண்டியதில்லை. நம்ம பக்கத்துலயே காஞ்சி லினக்ஸ் பயனர் குழு இருக்கு. ஞாயிற்றுக்கிழமைகள்ல ஆன்லைன்ல, தமிழ்லயே பேசுறாங்க. விழுப்புரத்துலயும் இதே மாதிரி ஒரு குழு மாணவர்களுக்குச் சொல்லித் தருது. படிக்கணும்னா கணியம் தளத்துல தமிழ்லயே கட்டுரைகள் கிடைக்கும். முதல் நாள் சும்மா கேட்டுட்டு வந்தாலே போதும், யாரும் எதுவும் சொல்ல மாட்டாங்க.

கேள்வி அனுப்பின நண்பருக்கு: மூணு வருஷ நோட்ஸையும் ஒரே நாள்ல மாத்த நினைக்காதீங்க, பாதியில விட்டுடுவீங்க. இன்னைக்கு ஷிஃப்ட் முடிஞ்சு எழுதுற நோட்டுல ரெண்டே ரெண்டு லிங்க் போடுங்க. பழைய நோட்டு எப்போ தேவைப்படுதோ, அதைத் திறக்கும்போது மட்டும் இணைச்சுக்கலாம். மழைக்கு முன்னாடி ஆரம்பிச்சீங்கன்னா இன்னும் நல்லது.

அடுத்த எபிசோடுல பார்ப்போம்.