மண்டிக்கு வரும் மாம்பழம் சில நாள் பொறுக்குமா?

மே மாதம் பிறந்தால் பெங்களூர் மார்க்கெட் பக்கம் போகும் நம்மவர்களுக்கு மாம்பழ வாசனையே வழிகாட்டும். கிருஷ்ணகிரித் தோப்புகளிலிருந்தும் லாரிகள் வந்து இறங்கும். கிளிமூக்கு மாங்காய்க்கு அந்தப் பக்கத்தில் 'பெங்களூரா' என்றே பெயர். பெயர் நம்முடையது, பாடு அவர்களுடையது!

காய் எல்லாம் ஒரே சமயத்தில் முற்றுவதுதான் தொல்லை. எல்லாத் தோப்பிலும் ஒரே வாரத்தில் பறித்தால் மண்டியில் விலை சரியும். மரத்தில் விட்டால் உதிரும். பறித்து வைத்தால் அழுகும். தள்ளுவண்டிக்காரர் பாடும் இதேதான். காலையில் சொன்ன விலையை மாலையில் பாதியாக்கிக் கூவுவதை நாம் கேட்டிருக்கிறோம்.

பழம் கெடுவதற்குக் கிருமிகள் மட்டும் காரணமல்ல. கிருமி நுழையும் முன்பே பழத்தினுள் இருக்கும் 'என்சைம்'கள், அதாவது நொதிகள், வேலையைத் தொடங்கி விடுகின்றன. பழத்தின் ஒவ்வொரு உயிரணுவையும் கொழுப்பாலான மெல்லிய சவ்வு ஒன்று மூடியிருக்கிறது. பழுக்கும்போது 'பாஸ்போலைபேஸ் டி' என்னும் நொதி இந்தச் சவ்வை அரிக்கிறது. சவ்வு சிதைந்தால் பழம் குழைந்து விடும்.

இந்த நொதியை அடக்கும் பொருள் 'ஹெக்ஸனால்'. புல்லை வெட்டும்போது எழும் பச்சை வாசனையில் இதுவும் கலந்திருக்கிறது, வெள்ளரிக்காயிலும் உண்டு. கனடாவின் குவெல்ப் பல்கலைக் கழகத்தில் கோபிநாதன் பாலியத் என்ற விஞ்ஞானி இதை ஆராய்ந்தார். கனடா அரசு நிறுவனம் ஒன்றின் உதவியுடன் 2012ல் தொடங்கிய திட்டத்தில் கோவை வேளாண்மைப் பல்கலைக் கழகமும், இலங்கை ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்து கொண்டன. கோவையில் பேராசிரியர் கே.எஸ்.சுப்பிரமணியன் குழுவினர் மாமரங்களில் சோதனை நடத்தினர். அறுவடைக்கு 30 நாள் முன்பு ஒருமுறை, 15 நாள் முன்பு மறுமுறை கரைசலைத் தெளித்தால், காய் மரத்திலேயே கூடுதல் நாட்கள் தங்குகிறது. பறித்த பழத்தைக் கரைசலில் முக்கி எடுக்கும் முறையும் உண்டு. ஹெக்ஸனால் எளிதில் ஆவியாகி விடும். பழுப்பதை இது நிறுத்தாது, தள்ளிப்போடும், அவ்வளவே.

இதெல்லாம் ஆராய்ச்சிக்கூட சமாசாரம் என்று இல்லத்தரசிகள் ஒதுக்க வேண்டாம். வாழைப்பூவை நறுக்கி மோரில் போடுகிறீர்களே, அதுவும் நொதியை அடக்கும் வேலைதான். நறுக்கிய இடத்தில் காற்றுப் பட்டதும் ஒரு நொதி பூவைக் கறுக்க வைக்கிறது. மோரின் புளிப்பு அதை மந்தமாக்குகிறது. கத்தரிக்காயைத் தண்ணீரில் போட்டால் காற்றுப் படுவது குறைகிறது. பனிக்காலத்தில் மலிவாகக் கிடைக்கும் பட்டாணியைச் சேமிக்க விரும்புவோர் கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டு, உடனே குளிர்ந்த நீருக்கு மாற்றி, ஈரம் வடித்து 'பிரீஸரில்' வைக்கலாம். கொதிநீர் நொதிகளைச் செயலிழக்கச் செய்கிறது. குளிர் மட்டும் போதாது. அதில் நொதி மெதுவாகும், ஓயாது. வெந்நீர் காட்டாத பட்டாணி சில மாதங்களில் நிறமும் ருசியும் இழப்பது இதனால்தான்.

மீண்டும் தோப்புக்கு வருவோம். பெங்களூரா பெரும்பாலும் கூழ் ஆலைகளுக்குப் போகும் ரகம். கூடுதல் நாள் வாடாமல் இருக்கிறது என்பதற்காக ஆலை கூடுதல் காசு கொடுக்கப் போவதில்லை. விவசாயிக்குக் கிடைப்பது அவகாசம் ஒன்றே. நெரிசல் குறைந்தபின் பறிக்கலாம். ஆனால் முதல் தெளிப்பு அறுவடைக்கு ஒரு மாதம் முன்பே நடந்தாக வேண்டும். அன்றைக்கு மண்டி விலை என்னவாகும் என்பது யாருக்கும் தெரியாது. மருந்துச் செலவையும் ஆள் கூலியையும் அதற்கு முன்பே அவர் கையிலிருந்து எடுத்து வைக்க வேண்டும்.