எலும்புக்கும் ஒரு சாரம் வேண்டும்

மாணவர்களே, உங்கள் வகுப்பில் என்றாவது ஒருவர் கையில் மாவுக்கட்டுடன் வந்திருப்பார். திடலில் பந்து விளையாடும்போது விழுந்திருப்பார், அல்லது சைக்கிளிலிருந்து சறுக்கியிருப்பார். நண்பர்கள் எல்லாரும் அந்தக் கட்டின் மேல் பேனாவால் தங்கள் பெயரை எழுதுவார்கள். ஆறு முதல் எட்டு வாரங்களில் கட்டைப் பிரித்துவிடுவார்கள். கை மெல்ல மெல்லப் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

இதில் ஒன்றைக் கவனித்தீர்களா? மருத்துவர் எலும்பை ஒட்ட எந்தப் பசையும் தடவவில்லை. முறிந்த இரு முனைகளையும் நேராகச் சேர்த்து, அசையாதபடி கட்டினார். அவ்வளவுதான். எலும்பு தன்னைத்தானே ஒட்டிக்கொண்டது. தோலில் ஆழமான காயம் பட்டால் தழும்பு மிஞ்சும். எலும்போ தழும்பு இல்லாமல் புது எலும்பாகவே ஆறக்கூடியது.

சரி, இப்போது வேறொரு நிலையை நினைத்துப் பாருங்கள். மோட்டார் சைக்கிள் விபத்து. முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு முறியவில்லை, நொறுங்கிப்போய்விட்டது. தூள்தூளான, மண் கலந்த துண்டுகளை அறுவை மருத்துவர் அகற்ற வேண்டியதாகிறது. நடுவே 5 சென்டிமீட்டர் எலும்பே இல்லை. இந்த இடைவெளியையும் உடல் தானே நிரப்பிக்கொள்ளுமா?

நிரப்பாது. ஏன் நிரப்பாது, அதற்கு அறிவியலாளர்கள் என்ன வழி தேடுகிறார்கள் என்பதுதான் இந்த வாரப் பாடம்.

வினிகரில் ஓர் எலும்பு

முதலில் எலும்பு எதனால் ஆனது என்று பார்ப்போம். வீட்டில் கோழி சமைக்கும்போது ஒரு கால் எலும்பைச் சுத்தம் செய்து, வினிகர் ஊற்றிய கண்ணாடிப் புட்டியில் போட்டு வையுங்கள். சில நாள்களுக்குப் பிறகு எடுத்துப் பாருங்கள். எலும்பு அதே வடிவத்தில்தான் இருக்கும். ஆனால் ரப்பரைப் போல் வளையும்.

எலும்பின் எடையில் பாதிக்கும் மேல் கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த ஒரு தாது. அதன் பெயர் ஹைட்ராக்ஸிஅபடைட். எலும்புக்குக் கடினத்தன்மை தருவது அதுதான். வினிகரில் உள்ள அமிலம் அதைக் கரைத்துவிட்டது. மிஞ்சியது கொலாஜன் என்ற புரத நார். தாது மட்டும் இருந்தால் எலும்பு சுண்ணக்கட்டியைப் போல் உடையும். நார் மட்டும் இருந்தால் வளையும். இரண்டும் சேர்ந்தால்தான் எலும்பு.

1965-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் மார்ஷல் யூரிஸ்ட் ஏறக்குறைய இதே வேலையைச் செய்தார். அமிலத்தால் தாதுவை நீக்கிய எலும்புத் துண்டுகளை விலங்குகளின் தசைக்குள் வைத்தார். சில வாரங்களில் அந்தத் தசைக்குள் புதிய எலும்பு உருவாகியிருந்தது! எலும்புக்குச் சற்றும் தொடர்பில்லாத இடத்தில் எலும்பு எப்படி வந்தது? அந்த நாருக்குள் ‘இங்கே எலும்பைக் கட்டு’ என்று உயிரணுக்களுக்குச் சொல்லும் புரதங்கள் இருந்தன. இன்று அவற்றை எலும்பு உருவாக்கப் புரதங்கள் என்கிறோம்.

உடல் செய்யும் பழுதுபார்ப்பு

எலும்பு முறிந்தவுடன் அங்கே இரத்தம் கசிந்து உறைகிறது. அந்த உறைவுக்குள் மெல்லிய வலை ஒன்று இருக்கும். பழுதுபார்க்க வரும் உயிரணுக்கள் அந்த வலையைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே நகர்கின்றன. அடுத்து, குருத்தெலும்பு போன்ற மென்மையான திசு இரு முனைகளையும் இணைக்கிறது. பிறகு அது கடினமான எலும்பாக மாறுகிறது. கடைசியாக, எலும்பை அரிக்கும் உயிரணுக்களும் எலும்பைக் கட்டும் உயிரணுக்களும் சேர்ந்து அதைச் சீராகச் செதுக்குகின்றன. இந்தக் கடைசி வேலை மாதக்கணக்கில், சில வேளைகளில் ஆண்டுக்கணக்கில் நடக்கும்.

இடைவெளி பெரிதாக இருந்தால் உயிரணுக்கள் நடுவரை வந்து சேர முடிவதில்லை. பிடித்துக்கொள்ள வலையும் இல்லை, இரத்த ஓட்டமும் இல்லை. எலும்புக்குப் பதில் நார்த்திசு வந்து இடத்தை அடைத்துக்கொள்கிறது. அந்தக் காலில் உடலின் எடையைத் தாங்கி நிற்க முடியாது.

இன்று மருத்துவர்கள் பெரும்பாலும் நோயாளியின் இடுப்பெலும்பிலிருந்து சிறிது எலும்பைச் சுரண்டி எடுத்து அந்த இடைவெளியில் வைக்கிறார்கள். இது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் எடுக்கக்கூடிய அளவு குறைவு. எடுத்த இடத்திலும் வலி இருக்கும். இன்னொரு முறை, ரஷ்ய மருத்துவர் இலிசாரோவ் கண்டுபிடித்தது. காலைச் சுற்றி உலோக வளையங்களைப் பொருத்தி, எலும்பின் ஒரு பகுதியை நாளுக்கு 1 மில்லிமீட்டர் வீதம் நகர்த்துவார்கள். பின்னால் உண்டாகும் இடத்தில் புது எலும்பு வளரும். 5 சென்டிமீட்டருக்கு எத்தனை நாள் என்று கணக்கிட்டுப் பாருங்கள். நகர்த்தவே 50 நாள். அது கெட்டிப்பட இன்னும் பல மாதங்கள். அதுவரை வளையத்தோடுதான் வாழ வேண்டும்.

மஜ்ஜைக்குள் இருக்கும் கட்டுநர்கள்

வேறு வழி உண்டா? உயிரியல் பாடத்தில் ஸ்டெம் செல் என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். தமிழில் குருத்தணு என்கிறோம். வாழைக் குருத்து பிறகு இலையாக விரிவதுபோல, இந்த உயிரணு தேவைக்கேற்ப வேறொரு வகை உயிரணுவாக மாறக்கூடியது.

சோவியத் அறிவியலாளர் அலெக்சாண்டர் பிரிடென்ஸ்டைன் 1960-களிலும் 70-களிலும் எலும்பு மஜ்ஜையை ஆராய்ந்தார். மஜ்ஜை இரத்தத்தை உருவாக்கும் இடம் என்பது அப்போதே தெரியும். அதற்குள் எலும்பை உருவாக்கக்கூடிய உயிரணுக்களும் இருப்பதை அவர் காட்டினார். கண்ணாடித் தட்டில் மஜ்ஜையை வளர்த்தால் அவை தட்டின் அடியில் ஒட்டிக்கொண்டு பெருகும். மற்றவற்றைக் கழுவி அகற்றிவிடலாம். பிரிப்பது எளிது. ஆனால் அவை மிக மிகக் குறைவு. மஜ்ஜை உயிரணுக்களில் பத்தாயிரத்துக்கு ஒன்று முதல் இலட்சத்துக்கு ஒன்று வரைதான். அதனால்தான் சிறிதளவு மஜ்ஜையை ஊசியால் எடுத்து, ஆய்வுக்கூடத்தில் சில வாரங்கள் வளர்த்து, எண்ணிக்கையைப் பெருக்குகிறார்கள்.

பெருக்கிய உயிரணுக்களை அப்படியே இடைவெளியில் ஊற்றினால் அவை அங்கே தங்காது. நிற்க ஓர் இடம் வேண்டும். அதுதான் சாரம்.

நல்ல சாரத்தின் இலக்கணம்

கோயில் திருப்பணியின்போது கோபுரத்தைச் சுற்றிச் சாரம் கட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வேலையாள்கள் அதன் மேல் நின்று வேலை செய்வார்கள். கும்பாபிஷேகத்துக்கு முன் சாரத்தைப் பிரித்துவிடுவார்கள். எலும்புக்கான சாரமும் அப்படித்தான். உயிரணுக்கள் நிற்க இடம் தர வேண்டும். வேலை முடிந்ததும் மறைய வேண்டும்.

அதற்குள் நுண்துளைகள் நிறைந்திருக்க வேண்டும். துளைகள் ஒன்றோடொன்று இணைந்திருந்தால்தான் உயிரணுக்களும் இரத்த நாளங்களும் உள்ளே நுழைய முடியும். ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு அகலமுள்ள துளைகள் நல்லவை என்று ஆய்வுகள் காட்டுகின்றன. சாரத்தின் கடினமும் முக்கியம். 2006-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஆடம் எங்லரும் டென்னிஸ் டிஷரும் ஒரு வியப்பான முடிவை வெளியிட்டார்கள். ஒரே வகைக் குருத்தணுக்களை மூளையைப் போன்ற மென்மையான பரப்பில் வளர்த்தபோது அவை நரம்பணுவின் தன்மையை நோக்கிச் சென்றன. தசையைப் போன்ற பரப்பில் தசையணுவை நோக்கி. சற்றுக் கெட்டியான பரப்பில் எலும்பணுவை நோக்கி. உயிரணு தான் நிற்கும் தரையைத் தொட்டு உணர்கிறது!

மலேசிய ஆய்வாளர்கள் நம் நாட்டுச் சுண்ணாம்புக் கல்லிலிருந்து ஹைட்ராக்ஸிஅபடைட் மணிகளைத் தயாரித்திருக்கிறார்கள். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் உருவான சாரமோ பாலிகாப்ரோலாக்டோன் என்ற, உடலுக்குள் கரையும் பிளாஸ்டிக்கால் ஆனது. அது 60 பாகை செல்சியஸ் அளவில் உருகும். எனவே உருக்கி, முப்பரிமாண அச்சு இயந்திரத்தால் இழை இழையாக அடுக்கித் தேன்கூடு போலச் செய்யலாம். மூளையைச் சுற்றித் தேங்கிய இரத்தத்தை வெளியேற்ற மண்டையோட்டில் சிறு துளையிடுவார்கள். அந்தத் துளையைப் பொத்தான் போன்ற இந்தச் சாரத்தால் மூடுகிறார்கள். சுற்றியுள்ள எலும்பிலிருந்து உயிரணுக்கள் தாமாக உள்ளே வந்து குடியேறுகின்றன. சாரம் இரண்டு ஆண்டுகள் அளவில் மெல்லக் கரைந்துபோகிறது.

இடைவெளி சிறியது என்றால் சாரம் மட்டுமே போதும். 5 சென்டிமீட்டர் என்றால்?

மூன்று நோயாளிகள்

2001-ஆம் ஆண்டில் இத்தாலிய ஆய்வாளர்கள் மூன்று நோயாளிகளைப் பற்றி ஒரு மருத்துவ இதழில் எழுதினார்கள். மூவருக்கும் கை, கால் எலும்புகளில் 4 முதல் 7 சென்டிமீட்டர் வரை இடைவெளி. அவரவர் மஜ்ஜையிலிருந்து எடுத்து வளர்த்த குருத்தணுக்களை, ஹைட்ராக்ஸிஅபடைட் சாரத்தில் ஏற்றி வைத்தார்கள். இரண்டு மாதங்களில் புது எலும்பு தெரிந்தது. மூவரும் கைகால்களை மீண்டும் பயன்படுத்தினார்கள்.

மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் நீங்கள் அறிவியல் மாணவர்கள். ஒரு கேள்வி கேட்டாக வேண்டும். கட்டுப்பாட்டுக் குழு எங்கே? சாரத்தை மட்டும் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை மூன்று பேரை வைத்துச் சொல்ல முடியாது. இன்னொரு குறையும் இருந்தது. பல ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோதும் அந்தப் பீங்கான் சாரம் பெரும்பாலும் கரையாமலேயே இருந்தது. கோபுரம் எழுந்துவிட்டது, சாரத்தைப் பிரிக்க முடியவில்லை.

0.2 மில்லிமீட்டர்

எல்லாவற்றையும்விடப் பெரிய தடை ஒன்று உண்டு. உங்கள் அளவுகோலில் ஒரு மில்லிமீட்டரைப் பாருங்கள். அதை ஐந்தாகப் பிரித்தால் ஒரு பங்கு 0.2 மில்லிமீட்டர். நம் உடலில் உள்ள பெரும்பாலான உயிரணுக்கள் ஓர் இரத்த நுண்நாளத்திலிருந்து இந்தத் தொலைவுக்குள்தான் இருக்கின்றன. அதற்கு மேல் போனால் ஆக்சிஜன் போதிய அளவு எட்டாது. 5 சென்டிமீட்டர் சாரத்தின் நடுவே வைக்கப்பட்ட குருத்தணுவை நினைத்துப் பாருங்கள். இரத்த நாளம் வளர்ந்து வந்து சேருவதற்குள் அது இறந்துபோகும். வைத்த உயிரணுக்களில் பல இப்படி மடிவதை விலங்கு ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். அதனால் எலும்பை வளர்ப்பதைவிட இரத்த நாளத்தை விரைவாக வளர்ப்பதே இன்றைய ஆய்வாளர்களின் முதல் கவலை.

ஆகவே, ‘குருத்தணு ஊசி போட்டால் எந்த எலும்பும் வளரும்’ என்ற விளம்பரம் உங்கள் கைப்பேசியில் வந்தால் நம்பிவிடாதீர்கள். இரத்தப் புற்றுநோய்க்கான மஜ்ஜை மாற்று சிகிச்சை பல ஆண்டுகளாக நிலைபெற்ற ஒன்று. பெரிய எலும்பு இடைவெளியைக் குருத்தணுவால் நிரப்புவது இன்னும் ஆய்வு நிலையில்தான் இருக்கிறது.

மாவுக்கட்டுடன் வந்த உங்கள் நண்பரை மீண்டும் நினைத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் எலும்பைக் கட்டவில்லை. எலும்பு தன்னைக் கட்டிக்கொள்ள வசதி செய்து கொடுத்தார். குருத்தணு, சாரம், புரதம், இரத்த நாளம் எல்லாமே அந்த வசதியைப் பெரிய இடைவெளிக்கும் கொண்டுபோகும் முயற்சிதான். அந்த முயற்சி முழு வெற்றி பெறும்வரை, நம் நாட்டுச் சாலை விபத்துகளில் இறப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே என்பதை மறக்க வேண்டாம். உரிமம் எடுக்கும் வயது உங்களில் பலருக்கு அருகில் வந்துவிட்டது.

இப்போது அந்தக் கோழி எலும்பை வினிகரில் போடுங்கள். எத்தனையாவது நாளில் அது வளையத் தொடங்குகிறது என்று குறித்து வைத்து, உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள்.