குட்டி ஏன் படுத்த இடத்தை நனைப்பதில்லை?

பிறந்த நாய்க்குட்டிக்குக் கண் திறந்திருக்காது, காது கேட்காது. இது பலருக்கும் தெரியும். தானாகச் சிறுநீர் கழிக்கவும் அதற்கு வராது என்பது தெரியாது. தாய் அடிவயிற்றை நக்கிக் கொடுத்தால்தான் கழியும். கழிந்ததையும் தாயே நக்கித் தின்றுவிடும். முகம் சுளிக்க வேண்டாம். ஐந்தாறு குட்டிகள் ஒட்டிக் கிடக்கும் படுக்கையில் ஈரமும் வாடையும் தங்காததற்கு அந்த நாக்குதான் காரணம். மூன்றாவது வாரம் கால் ஊன்றியதும் குட்டி தள்ளாடித் தள்ளாடிப் படுக்கையைத் தாண்டிப் போய்க் கழிக்கத் தொடங்குகிறது. படுக்க ஓர் இடம், கழிக்க வேறிடம் என்று யாரும் அதட்டிச் சொல்லித் தருவதில்லை.

புதுக்குட்டியைக் கூண்டுக்குப் பழக்குகிறவர்கள் நம்பியிருப்பது இந்தக் குணத்தைத்தான். ஓநாய் வம்சம், அதனால் குகை பிடிக்கும் என்று சொல்வதில் பாதிதான் உண்மை. ஓநாய் வளையில் தங்குவது குட்டிகளை வளர்க்கும் சில வாரங்களுக்குத்தான். மற்ற நாளெல்லாம் வெட்டவெளியில் உறங்கும். நம் தெருநாயும் ஈனும் காலத்தில்தான் மணல்மேட்டைப் பறித்து உள்ளே போகிறது.

ஆகவே கூண்டு, குட்டி நின்று திரும்பிக் காலை நீட்டிப் படுக்கும் அளவுக்கு இருந்தால் போதும். பெரிதாக வாங்கினால் ஒரு மூலை படுக்கை, மறுமூலை கழிப்பறை ஆகிவிடும். முதலில் கதவைத் திறந்தே வைத்து, சாப்பாட்டை உள்ளே வையுங்கள். மணியோசைக்கு நாயின் வாயில் எச்சில் ஊறுவதைப் பாவ்லவ் காட்டினாரே, அதே கணக்கு: சோற்றோடு சேர்ந்த இடம் பிடித்துப்போகும். கதவைச் சாத்துவது அதற்குப் பிறகு, அதுவும் சில நிமிடங்களுக்கு.

ஆனால் மனம் இருந்தாலும் மூத்திரப்பை இடம் கொடுக்க வேண்டுமே! இரண்டு மாதக் குட்டியால் விழித்திருக்கும்போது இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியாது. வயிறு நிறைந்ததும் பெருங்குடல் தானாக அசையத் தொடங்கும். காலைக் காப்பி குடித்ததும் நம்மில் பலருக்கு நேர்வதும் இதுவே. எனவே தூங்கி எழுந்ததும், சாப்பிட்டு முடித்ததும் வெளியே தூக்கிப் போக வேண்டும். வேலைக்குப் போகும்போது பூட்டிவிட்டு மாலையில் திறப்பதற்குப் பயிற்சி என்று பெயரில்லை. சுவீடனில் அப்படி வீட்டுக்குள் அடைத்து வைப்பதைச் சட்டமே தடுக்கிறது.

எல்லாம் சரியாகச் செய்தும் சில குட்டிகள் கூண்டிலேயே கழித்துவிட்டு அதன்மேலேயே படுத்துக்கொள்ளும். பெரும்பாலும் அவை அழுக்குக் கம்பிக்கூட்டில் வளர்ந்து, வேறு வழியின்றி அந்தக் கூச்சத்தை இழந்தவை. அடித்துத் திருத்த முடியாது. பொறுமையாக முதலிலிருந்து தொடங்க வேண்டும். வாங்குமுன் குட்டி வளர்ந்த இடத்தை ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிடுங்கள்.