ஏற்காடு அடிவாரத்தில் பிறந்த சாகசப் படங்கள்

துப்பறிதல், மாயாஜாலம், வாட்சண்டை, வனசாகசம் என ஏதேனும் ஒரு மரபின் விதிகளுக்குள் நின்று கதை சொல்லும் படங்கள் வகைமைப் படங்கள் எனப்படும். திறனாய்வாளர்கள் இவற்றைப் பெரிதாகப் பொருட்படுத்தாதபோதும், விழுப்புரம், திண்டிவனம் போன்ற ஊர்களைச் சுற்றியிருந்த டூரிங் டாக்கீஸ்களில் மணல் தரையில் அமர்ந்து ஒரே படத்தை மீண்டும் மீண்டும் பார்த்த மக்களே இவற்றை வாழவைத்தனர். தமிழில் இவ்வகைப் படங்களுக்கு உறுதியான அடித்தளம் இட்டவர்களுள் முதன்மையானவர் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனர் டி. ஆர். சுந்தரம்.

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஜவுளித் தொழில்நுட்பம் பயின்று திரும்பிய அவர், தமிழ்ப் படங்கள் கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் சென்று எடுக்கப்பட்டுவந்த 1930களின் நடுப்பகுதியில், ஏற்காடு செல்லும் சாலையில் தமக்கென ஒரு ஸ்டூடியோவை எழுப்பி, கலைஞர்களை மாதச் சம்பளத்துக்கு அமர்த்தி, ஓர் ஆலையை நடத்தும் கண்டிப்புடன் அதை நடத்தினார். வகைமைப் படத்துக்கு இந்த ஒழுங்கு இன்றியமையாதது. ஏனெனில் அரண்மனை அரங்குகளும் சண்டைக் காட்சிகளும் கேமராவின் உத்தியால் உருவாகும் தந்திரக் காட்சிகளும் திட்டமிடாத இடத்தில் பணத்தை விழுங்கிவிடும். பி. யு. சின்னப்பா இரட்டை வேடமேற்ற 'உத்தமபுத்திரன்' 1940இல் இங்கிருந்தே வந்தது.

அவருடைய துணிவுக்குச் சிறந்த சான்று, குறைந்த செலவுப் படங்களுக்குப் பெயர்பெற்ற அமெரிக்கத் தயாரிப்பாளர் ராபர்ட் லிப்பர்ட்டின் நிறுவனத்துடன் இணைந்து 1952இல் உருவாக்கிய 'தி ஜங்கிள்' ஆகும். பனியூழிக் காலத்தோடு மறைந்துபோன மாமூத் விலங்குகளைத் திரையில் காட்ட, உயிருள்ள யானைகளுக்கே உரோமப் போர்வை போர்த்தி நடக்கவிட்ட அப்படத்தை, உலகெங்கும் பழைய விந்தைப் படங்களைத் தேடிப் பார்ப்போர் இன்றும் அறிவர். விழுப்புரத்தின் பெயரைத் தம் தலைப்பெழுத்தில் தாங்கிய வி. சி. கணேசன், அதாவது சிவாஜி, கதாநாயகனாக வளர்ந்துவந்த காலத்திலேயே அவரை எதிர்மறைப் பாத்திரத்தில் நடிக்கவைத்து 1953இல் 'திரும்பிப்பார்' படத்தை இயக்கியவரும் சுந்தரமே. மூன்றாண்டுகள் கழித்து, எம்.ஜி.ஆர். நடித்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமாக வெளிவந்தது. வண்ணம் முதலில் ஒரு மாயாஜாலக் கதைக்கே வாய்த்தது மிகப் பொருத்தமானது.

சுந்தரம் 1963இல் மறைந்தபின் அவர் மகன் ராமசுந்தரம் அதே தளங்களில் துப்பறியும் படங்களைத் தொடர்ந்து எடுக்க, 1966இல் வெளியான 'வல்லவன் ஒருவன்' போன்றவற்றால் ஜெய்சங்கரைத் தமிழ் ரசிகர்கள் தென்னகத்து ஜேம்ஸ் பாண்ட் என்று அழைக்கலாயினர்.