துருவுக்குக் கடிவாளம் போடும் கணினி!



நம்ம சைக்கிள் ஸ்டாண்டை மழைக்காலம் முடிந்ததும் பார்த்திருக்கீங்களா? செயினும் கேரியரும் செம்மண் பூசியது போல இருக்கும். நீரும் ஆக்ஸிஜனும் சேர்ந்தால் இரும்பு தன் எலக்ட்ரான்களைப் பறிகொடுத்துத் துருவாகிறது. இதுதான் அரிமானம். சைக்கிளுக்கு பெயின்ட் அடிக்கலாம். ஆனால் பாய்லருக்கு உள்ளே போய் யார் பெயின்ட் அடிப்பது?

பாய்லரில் படிந்த உப்பை நீக்க ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றுவார்கள். அமிலம் உப்பை மட்டுமா தின்னும்? இரும்பையும் தின்னுமே! அதனால் அமிலத்தோடு சிறிதளவு 'அரிமானத் தடுப்பான்' கலக்கிறார்கள்.

எல்லாத் தடுப்பானும் நல்லதா?

இல்லை! அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஹிங்க்லி என்ற சிற்றூர். அங்கே எரிவாயு நிலையம் ஒன்றின் குளிர்விப்புக் கோபுரங்களில், 1952 முதல் 1966 வரை துருவைத் தடுக்க குரோமியம் சேர்மத்தைப் பயன்படுத்தினார்கள். கழிவுநீர் நிலத்தடி நீரில் கலந்தது. அது புற்றுநோய் உண்டாக்கக்கூடிய வகை குரோமியம். வழக்குத் தொடுத்த மக்களுக்கு 1996-ல் அந்த நிறுவனம் 33.3 கோடி டாலர் கொடுக்க வேண்டியதாயிற்று. அதனால்தான் தீங்கு குறைந்த கரிமத் தடுப்பான்களைத் தேடுகிறார்கள்.

எப்படி ஒட்டுகிறது?

நைட்ரஜன், கந்தகம், ஆக்ஸிஜன் உள்ள கரிம மூலக்கூறுகளில் பிணைப்பில் சேராத எலக்ட்ரான் இரட்டைகள் உண்டு. அவற்றை உலோகத்துக்குக் கொடுத்து, அதன் மேல் பாய் விரித்தது போல் படர்ந்துகொள்ளும். தாமிரத்தைக் காக்கும் பென்சோடிரையசோலில் மூன்று நைட்ரஜன் அணுக்கள் இருக்கின்றன.

கணினிக்கு என்ன வேலை?

ஆயிரக்கணக்கான மூலக்கூறுகள் இருக்கு. எல்லாவற்றையும் தயாரித்துப் பார்க்கக் காசும் போதாது, காலமும் போதாது. அதனால் குவாண்டம் கணக்குகளைக் கணினியே போடுகிறது. இதற்கு வழி வகுத்த வால்டர் கோன், ஜான் போப்பிள் இருவருக்கும் 1998-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

கூட்டமான பஸ்ஸில் யார் முதலில் இறங்குவார்? ஃபுட்போர்டில் தொங்குபவர்தானே! மூலக்கூறிலும் அப்படி ஓர் இடம் உண்டு. எலக்ட்ரான் நிரம்பிய ஆர்பிட்டால்களில் ஆற்றல் மிகுந்தது அது. பெயர் 'ஹோமோ'. அதன் ஆற்றல் அதிகமானால் எலக்ட்ரானைக் கொடுப்பது எளிது. காலியாக உள்ள ஆர்பிட்டால்களில் ஆற்றல் குறைந்தது 'லூமோ'. உலோகம் திருப்பிக் கொடுக்கும் எலக்ட்ரானுக்கு அதுதான் சீட்! இவற்றை வைத்து, எது நன்றாக ஒட்டும் என்று கணினி வரிசைப்படுத்தும்.

கணினி சொன்னால் சரியா?

அவசரப்படாதீங்க! தனியாக நிற்கும் ஒரு மூலக்கூறுக்குக் கணக்குப் போடுவது சுலபம். ஆனால் நிஜ அமிலத்தில் தண்ணீர் இருக்கு, குளோரைடு இருக்கு, சூடு இருக்கு. உலோகத்துக்குப் போக வேண்டிய எலக்ட்ரான் இரட்டையை ஹைட்ரஜன் அயனி வழியிலேயே பிடித்துக்கொள்ளும். கணக்கில் முதல் மார்க் வாங்கியது குவளையில் ஃபெயில் ஆகலாம்!

அதனால் இரும்புத் தகட்டை எடை போட்டு, அமிலத்தில் வைத்து, மறுபடியும் எடை போடுவார்கள். தடுப்பான் இல்லாமல் 100 மில்லிகிராம் கரைந்து, சேர்த்தபின் 10 மட்டும் கரைந்தால் அதன் திறன் 90 சதவீதம். அட, நம்ம லேப் தராசே போதுமே!

அரிமானத்தை ஆராயும் பெரிய நிலையம் நம் தமிழ்நாட்டிலேயே, காரைக்குடியில் இருக்கிறது. வள்ளல் அழகப்பர் கொடுத்த நிலத்தில் 1948-ல் அடிக்கல் நாட்டி, 1953-ல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்தான் அது.

நண்பர்களே, நினைவில் வையுங்கள்: கணினி வழி காட்டும், தராசுதான் தீர்ப்புச் சொல்லும்!