கடல்நாய்க்கு வந்த அம்மை

'சீல்' என்றால் எனக்குத் தெரிந்தது ரப்பர் ஸ்டாம்ப்தான். பி.காம். முடித்துவிட்டு ஆடிட்டர் ஆபீஸில் ஆறு வருஷம் குப்பை கொட்டியவனுக்கு வேறென்ன தெரியும்? ஊதா மையில் தொட்டு 'டொக்'கென்று குத்தினால் சீல். அவ்வளவுதான்.

அப்படிப்பட்ட நான் போன வாரம் முழுக்க ராத்திரி ஒரு மணி வரை விழித்திருந்து, ஐரோப்பாவின் வடகடலில் செத்துப்போன சீல்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். காரணம், என் பையன். சரியாகச் சொன்னால், என் சோம்பேறித்தனம்.

பையனுக்கு ஒன்றரை வயசு. தட்டம்மை ஊசி இரண்டாவது தவணை போட வேண்டிய சமயம். 'அடுத்த வாரம்', 'மாசம் பொறக்கட்டும்' என்று இன்கம்டாக்ஸ் ரிட்டர்ன் மாதிரி தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். வீட்டுக்காரி, "ஏங்க, ஊசி..." என்று ஆரம்பிக்கும்போதெல்லாம் எனக்கு அவசரமாக ஒரு கட்டுரை ஞாபகம் வந்துவிடும்.

சளி என்று பையனைத் தூக்கிக்கொண்டு போன இடத்தில் டாக்டர் பிடித்துக்கொண்டார். "முதல் தவணை போட்டாச்சே சார், இப்பல்லாம் யாருக்கு அம்மை வருது?" என்றேன். அவர் கோபப்படவில்லை. "நீங்க பத்திரிகையில எழுதறவர்தானே? 1988-ல கடல்நாய்க்கு என்ன ஆச்சுன்னு படிச்சுப் பாருங்க. அப்புறம் வந்து பேசுங்க" என்றார்.

கடல்நாய் என்பதுதான் சீலுக்குத் தமிழ்ப் பெயர். ஜெர்மன்காரர்களும் டச்சுக்காரர்களும்கூடத் தங்கள் பாஷையில் 'கடல் நாய்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். இந்தப் பெயர்ப் பொருத்தத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலை இருக்கிறது.

* * *

டென்மார்க்குக்கும் ஸ்வீடனுக்கும் நடுவே கட்டேகாட் என்று ஒரு குளிர்கடல். அதில் ஆன்ஹோல்ட் என்று ஒரு குட்டித் தீவு. கடல்நாய்கள் கரையேறி வெயில் காய்கிற இடம். 1988 ஏப்ரலில் அந்தக் கரையில் குறைமாதக் குட்டிகள் செத்து ஒதுங்க ஆரம்பித்தன. அவை குட்டி போடுகிற சீசன் கோடையில்தான். கணக்கு எங்கோ உதைத்தது.

அப்புறம் பெரியவை விழுந்தன. மூக்கில் சளி, இருமல், மூச்சிரைப்பு. சிலவற்றுக்கு நுரையீரலிலிருந்து கசிந்த காற்று கழுத்துத் தோலுக்கு அடியில் போய் அடைத்துக்கொண்டது. உடம்பில் பலூன் கட்டின மாதிரி. முங்கவே முடியாது. முங்கவில்லை என்றால் மீன் ஏது, சாப்பாடு ஏது?

கோடை வருவதற்குள் ஜெர்மனி, ஹாலந்து கரைகளுக்குப் பரவியது. ஆகஸ்டில் இங்கிலாந்தின் கிழக்குக் கரை. கடைசியில் மொத்தக் கணக்கு சுமார் 18,000. பல இடங்களில் இரண்டுக்கு ஒன்று காலி.

'யார் செய்தது?' என்று ஊரே கேட்டது. தொழிற்சாலைக் கழிவு என்றார்கள் சிலர். அதே வருஷம் மே மாதம் பக்கத்துக் கடலில் ஒரு விஷப் பாசி பெருகி மீன்களைக் கொன்றிருந்தது. அதுதான் என்றார்கள் வேறு சிலர். ஆளுக்கு ஒரு சந்தேகம்.

குற்றவாளியைப் பிடித்ததில் முக்கியப் பங்கு ஹாலந்தைச் சேர்ந்த ஆல்பர்ட் ஓஸ்டர்ஹவுஸ் என்ற வைரஸ் நிபுணரின் குழுவுக்கு. நாய்களுக்கு வருமே டிஸ்டம்பர், அந்த வைரஸின் நெருங்கிய சொந்தம் இது! கடல்நாய் என்று பேர் வைத்த முன்னோர்கள் தீர்க்கதரிசிகள்தான்.

இந்த வைரஸ் குடும்பத்தின் பங்காளிகளைக் கேளுங்கள். ஒன்று, நாய் டிஸ்டம்பர். இன்னொன்று, நம் தாத்தா காலத்தில் தொழுவம் தொழுவமாக மாடுகளைச் சாய்த்த வெக்கை நோய். உலகத்தில் அது அடியோடு ஒழிந்தது என்று 2011-ல் அறிவித்தார்கள். மூன்றாவது பங்காளி...

நம் தட்டம்மை.

டாக்டர் எதற்காக என்னை அங்கே அனுப்பினார் என்று அப்போதுதான் உறைத்தது.

* * *

ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். நோய்க்கிருமி எல்லாம் ஒரே ஜாதி இல்லை.

அதே குளிர்கடலில் அனிசாகிஸ் என்று ஒரு புழு இருக்கிறது. இதன் பிழைப்பு, எண்டார்ஸ் செய்து கைமாறுகிற செக் மாதிரி. திமிங்கிலத்தின் வயிற்றில் குடும்பம் நடத்தும். முட்டை கழிவோடு கடலில் விழும். பொரிந்து வரும் குட்டிப் புழுவை இறால் போன்ற பொடி ஜந்து விழுங்கும். அதை மீன் விழுங்கும். மீனைத் திமிங்கிலம் விழுங்கும். செக் பாஸ்! நடுவில் அந்த மீனை நாம் சரியாக வேகவைக்காமல் சாப்பிட்டால்? புழுவுக்கு விலாசம் தவறிப்போகும். குடல் சுவரைக் குடையும். தாங்க முடியாத வயிற்றுவலி.

1960 வாக்கில் ஹாலந்தில் இதைக் கண்டுபிடித்தார்கள். அங்கே ஹெர்ரிங் மீனை லேசாக உப்புப் போட்டு அப்படியே வாயில் விடுகிற வழக்கம். 1968-லிருந்து முதலில் உறையவைத்துவிட்டுத்தான் விற்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். மைனஸ் 20 டிகிரியில் ஒரு நாள் முழுக்க வைத்தால் புழு காலி.

ஆனால் திமிங்கிலம் இந்தப் புழுவோடு பெரும்பாலும் காலம் தள்ளிவிடுகிறது. புழு, வட்டி மட்டும் வாங்கித் தின்கிற கடன்காரன். முதலில் கை வைத்தால் தன் பிழைப்பும் போய்விடும் என்று அதற்குத் தெரியும். புதிதாக வருகிற வைரஸுக்கு அந்த நிதானம் கிடையாது. முதலையும் சேர்த்துச் சுருட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடும்.

சரி, 1988-ல் இந்தத் திருடன் எங்கிருந்து வந்தான்? நிபுணர்களின் விரல் வடக்கே நீள்கிறது. அங்கே பாரன்ட்ஸ் கடலில் ஹார்ப் சீல் என்று ஒரு இனம். 1980-களில் அவற்றின் சாப்பாடான கேப்பிலின் மீன் அடியோடு குறைந்துபோனது. 1987-ல் பசியோடு அவை கூட்டம் கூட்டமாக நார்வே கரையோரம் இறங்கின. ஆயிரக்கணக்கில் வலைகளில் சிக்கிச் செத்தன. அவற்றோடு வைரஸும் இறங்கியிருக்க வேண்டும் என்பது பலரின் கணிப்பு. வடக்கத்திக் கடல்நாய்களுக்கு இந்த வைரஸ் பழகின விருந்தாளி. தெற்கில் இருந்தவை அதைப் பார்த்ததே இல்லை.

கழிவு மேல் சந்தேகப்பட்டவர்களும் முழுக்கத் தப்பில்லை. பின்னால் ஹாலந்தில் ஒரு சோதனை செய்தார்கள். கடல்நாய்களை இரண்டு கோஷ்டியாகப் பிரித்து, ஒன்றுக்கு ஓரளவு சுத்தமான அட்லாண்டிக் மீன், இன்னொன்றுக்கு ரசாயனம் கலந்த பால்டிக் கடல் மீன். இரண்டு வருஷத்துக்கு மேல் சாப்பாடு போட்டுப் பார்த்ததில், பால்டிக் கோஷ்டிக்கு எதிர்ப்பு சக்தி குறைந்திருந்தது. கழிவு கொலை செய்யவில்லை. வாட்ச்மேனுக்கு மயக்க மருந்து கொடுத்திருக்கிறது.

* * *

இனிமேல்தான் என் தூக்கத்தைக் கெடுத்த பகுதி.

1988-ல் பிழைத்தவை அந்த வைரஸுக்கு எதிர்ப்பு பெற்றுவிட்டன. ஹாலந்து, ஜெர்மனி, டென்மார்க் மூன்றும் சேர்ந்து 1990-ல் கடல்நாய்ப் பாதுகாப்புக்கு ஒப்பந்தம் போட்டன. எண்ணிக்கை மளமளவென்று ஏறியது. எல்லோரும் நிம்மதியாக மூச்சு விட்டார்கள்.

ஆனால் பேரேட்டில் ஒரு ஓட்டை. புதிதாகப் பிறந்த குட்டிகள் இந்த வைரஸைப் பார்க்கவே இல்லை. எதிர்ப்பு உள்ள கிழடுகள் ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்ந்தன. வருஷா வருஷம் கையிருப்பு கரைந்தது. வெளியிலிருந்து பார்த்தால் கூட்டம் பெரிசு, கொழுகொழுவென்று இருக்கிறது. உள்ளே பாதுகாப்பு கிட்டத்தட்ட பூஜ்யம்.

2002 மே. அதே ஆன்ஹோல்ட் தீவு. அதே வைரஸ். இந்த முறை 20,000-க்கும் மேல்.

அவற்றுக்கு ஊசி போட்டிருக்கலாமே என்றால், போட்டும் பார்த்திருக்கிறார்கள். 1988-லேயே நாய்க்குப் போடும் டிஸ்டம்பர் தடுப்பூசி கடல்நாயையும் காப்பாற்றுகிறது என்று கண்டுபிடித்துவிட்டார்கள். ஆனால் காப்பகத் தொட்டியில் இருக்கும் சிலவற்றுக்குப் போடலாம். கடலில் திரிகிற ஆயிரக்கணக்கானவற்றை யார் கியூவில் நிறுத்துவது? 2010-களில் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது மறுபடியும் பெரும்பாலானவற்றுக்கு எதிர்ப்பு இல்லை. மறுபடியும் கையிருப்பு காலி.

கடல்நாய்க்கு வேறு வழி இல்லை. எனக்கு என்ன கேடு? ஊசி தெருக்கோடியில் இருக்கிறது. அதுவும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாக!

மறுநாள் டாக்டரிடம் போய் நின்றேன். "படிச்சீங்களா?" என்றார். தலையை ஆட்டினேன். "ஒன்பது மாசத்துல போடற முதல் தவணை நூறு குழந்தையில சுமார் 85 பேருக்குத்தான் பிடிக்கும் சார். பாக்கிப் பேர் யாருன்னு நெத்தியில எழுதி ஒட்டியிருக்காது. அதுக்குத்தான் ரெண்டாவது. ஊர்ல 95 சதவிகிதம் பேருக்கு ரெண்டு தவணையும் போட்டிருந்தாத்தான் போட முடியாத குழந்தைங்களும் தப்பிக்கும்."

முதல் தவணை போட்டதாலேயே கணக்கு டேலி ஆகிவிட்டது என்று நினைத்தவன் நான். படித்தது காமர்ஸ்!

பையன் ஊசி குத்தியதும் ஊரைக் கூட்டினான். அப்புறம் நர்ஸம்மாவின் வளையலைப் பார்த்ததும் அழுகையை மறந்துவிட்டான். அந்தம்மா தடுப்பூசி அட்டையை வாங்கி, தேதி எழுதி, ஊதா மையில் தொட்டு 'டொக்'கென்று ஒரு குத்து குத்தினார்.

எனக்குத் தெரிந்த சீல்!