யாருடைய பிள்ளையை வாசிக்கச் சொல்வது?

"நம்ம ஊருப் பள்ளிக்கூடம் எப்படிண்ணே? பிள்ளைய அங்கேயே சேத்துரலாமா, இல்ல வேன்ல ஏத்தி விட்டுரட்டுமா?" மே மாதம் பிறந்தால் புதுக்கோட்டைப் பக்கத்து டீக்கடைகளில் இந்தக் கேள்வி அடிக்கடி காதில் விழும். கேட்பவர் ஐந்து வயதுப் பிள்ளையைப் பெற்றவர். பதில் சொல்பவர்களில் பலர் அந்தப் பள்ளிக்குள் கால் வைத்தே பல வருடம் ஆகியிருக்கும். உட்காருங்கள் தம்பி, டீ வரட்டும். அவசரமில்லாமல் பேச வேண்டிய விஷயம் இது.

பலர் முதலில் எடுப்பது தலைக்கணக்கு. "மொத்தமே இருபத்திரண்டு பிள்ளைதான், அங்க போயா சேக்கப் போற?" என்பார்கள். பிள்ளைகள் குறைந்துவிட்டால் பள்ளி சரியில்லை என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். வீட்டுக்கு நான்கைந்து பிள்ளைகள் இருந்த காலம் போய் ஒன்று, இரண்டு என்று ஆகிவிட்டது. இருப்பவர்களிலும் பலர் காலையில் மஞ்சள் வேனில் ஏறி ஆலங்குடிக்கோ அறந்தாங்கிக்கோ போய்விடுகிறார்கள். 2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டப்படி, தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் இருக்க வேண்டும். 22 பிள்ளைக்கு இரண்டு பேர் என்றால் ஆளுக்குப் பதினொன்று. கட்டணம் கட்டிப் படிக்கும் பள்ளிகளில் இந்தக் கவனிப்பு கிடைப்பது அரிது.

ஆனால் அந்த இரண்டு பேருக்கும் ஐந்து வகுப்பு. ஒரே அறையில் ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் சேர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். ஒரு கூட்டத்துக்குச் சொல்லிக் கொடுக்கும்போது இன்னொரு கூட்டம் தானாக ஏதாவது செய்துகொண்டிருக்க வேண்டும். அந்த ஏற்பாட்டைத் தெரிந்து நடத்துகிற ஆசிரியர் கிடைத்தால் பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தே இரண்டும் தேறும். தெரியாதவர் கிடைத்தால் நாள் முழுக்க "பார்த்து எழுது" தான்.

அதனால் ஈராசிரியர் பள்ளியில் நான் முதலில் கேட்கும் கேள்வி, இரண்டு பேரும் ஒன்றாகப் பள்ளியில் இருக்கிற நாள் எத்தனை என்பதுதான். பயிற்சி, குறுவளமையக் கூட்டம், வாக்காளர் பட்டியல் வேலை, கணக்கெடுப்பு, எமிஸ் என்கிற இணையப் பதிவு என்று ஒருவர் போய்விட்டால் மிச்சமிருப்பவர் ஐந்து வகுப்பையும் அடக்கி உட்கார வைப்பதே பெரும்பாடு. ஒன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 மணி நேரப் பாடம் என்று சட்டம் சொல்கிறது. அதில் இப்படிக் கரைந்த நாள் எத்தனை என்று எந்த அட்டவணையிலும் தேட வேண்டாம். பள்ளிக்கு எதிர் வீட்டு அம்மாவுக்குத் தெரியும், சத்துணவு சமைப்பவருக்குத் தெரியும். இதை ஆசிரியர்மேல் குறையாகச் சொல்லவில்லை. அவர்களை வெளிவேலைக்கு இழுக்கிற ஏற்பாட்டின்மேல் எனக்கு உண்மையாகவே கோபம் உண்டு.

அடுத்து மதிப்பெண். "அஞ்சாப்புல சராசரி எழுபதாம்" என்று ஒருவர் சொன்னால், அந்த வகுப்பில் எத்தனை பேர் என்று உடனே கேளுங்கள். ஆறு பேர் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பேர் எண்பது எடுக்கிறார்கள், ஒருவன் இருபது. சராசரி எழுபது. மறு வருடமும் அதே மாதிரிப் பிள்ளைகள்தான், இருபது எடுக்கிற பையன் மட்டும் இல்லை. சராசரி எண்பது ஆகிவிடும். பள்ளியில் எதுவும் மாறவில்லை, ஒரு பையன் இல்லை, அவ்வளவுதான். சின்னப் பள்ளிகளில் சராசரி இப்படித்தான் ஆடும். தேசிய அடைவு ஆய்வு 2021 நவம்பரில் மூன்று, ஐந்து, எட்டு, பத்தாம் வகுப்புகளைச் சோதித்தது. அசர் என்கிற கணக்கெடுப்பு வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிப் பார்க்கிறது. இரண்டுமே சில ஊர்களையும் பள்ளிகளையும் மாதிரிக்கு எடுத்து மாவட்டத்துக்கோ மாநிலத்துக்கோ கணக்குச் சொல்பவை. உங்கள் தெருமுனைப் பள்ளியைப் பற்றி அவை ஒன்றும் சொல்லாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. மதிப்பெண்ணில் ஒரு பங்கு வீட்டிலிருந்து வருவது. 1966இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கோல்மன் என்பவர் தலைமையில் பெரிய ஆய்வு ஒன்று வந்தது. பிள்ளைகளின் மதிப்பெண் வேறுபாட்டில் கட்டடம், ஆய்வுக்கூடம் போன்றவற்றைவிடக் குடும்பப் பின்னணிக்கே பங்கு அதிகம் என்றது அது. இங்கேயும் கண்ணால் பார்க்கலாம். அம்மா சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கிற பிள்ளை எந்தப் பள்ளியில் போட்டாலும் படித்துவிடும். அந்தப் பிள்ளைகளைப் பொறுக்கிச் சேர்த்துக்கொள்கிற பள்ளி பெயர் வாங்கிவிடும்.

வீட்டின் பங்கையும் பள்ளியின் பங்கையும் பிரித்துப் பார்க்க ஆந்திராவில் ஒரு சோதனை நடந்தது. கார்த்திக் முரளிதரன், வெங்கடேஷ் சுந்தரராமன் என்ற இரு ஆய்வாளர்கள் செய்தது. 2008 முதல் நான்கு ஆண்டு, 180 கிராமங்கள். தனியார் பள்ளியில் சேர உதவித்தொகை கேட்டவர்களில் குலுக்கல் போட்டுச் சிலருக்குக் கொடுத்தார்கள். குலுக்கல் என்பதால் இரு பக்கப் பிள்ளைகளின் வீடுகளும் ஒரே மாதிரி. நான்கு ஆண்டு கழித்துத் தெலுங்கிலும் கணக்கிலும் இரு பக்கத்துக்கும் வித்தியாசமே இல்லை. இந்தியில் தனியார் பள்ளிக்குப் போனவர்கள் முன்னே இருந்தார்கள். ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்: அந்தத் தனியார் பள்ளிகள் ஒரு பிள்ளைக்குச் செலவழித்தது அரசுப் பள்ளிச் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு, தெலுங்குக்கும் கணக்குக்கும் ஒதுக்கிய நேரமும் குறைவு. ஆக, பணம் இருந்தும் அரசுப் பள்ளிகள் இன்னும் எவ்வளவோ செய்திருக்கலாம். வேனில் ஏற்றிவிட்டால் பிள்ளைக்குப் படிப்பு வந்துவிடும் என்ற நம்பிக்கைக்கும் அதில் ஆதாரம் இல்லை.

அப்படியானால் எதைப் பார்ப்பது? பால்வாடியில் பிள்ளையை எடைபோட்டு அட்டையில் கோடு போடுவார்கள், பார்த்திருப்பீர்கள். எடை எவ்வளவு என்பதைவிட, போன மாதத்திலிருந்து கோடு ஏறுகிறதா என்றுதான் எடைபோடுகிற அம்மா பார்ப்பார். பள்ளியிலும் பார்க்க வேண்டியது அந்த ஏற்றத்தைத்தான். கொரோனாவில் 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் நம் மாநிலத்தில் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. கிராமப்புறத் தமிழ்நாட்டில் ஏறக்குறைய 19,000 பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்த ஆய்வில், இழந்த படிப்பில் சுமார் மூன்றில் இரண்டு பங்கை, பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் அவர்கள் மீட்டிருந்தார்கள். அதில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு, தெருவில் தன்னார்வலர்கள் நடத்திய இல்லம் தேடிக் கல்வி வகுப்பால் வந்தது. பின்தங்கிய பிள்ளை ஏறிவிடும், யாராவது கூட உட்கார்ந்தால்.

2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லிக் கொடுக்கிறார்கள். தலைமை ஆசிரியரிடம் போய், "ஜூனில் அரும்பில் இருந்த பிள்ளைகளில் இப்போது எத்தனை பேர் மொட்டுக்கு வந்திருக்கிறார்கள்?" என்று கேளுங்கள். நல்ல ஆசிரியர் பெயர் சொல்லிப் பதில் தருவார். "இவன் ஏறிட்டான், இவ இன்னும் கொம்பு, கால் வந்தா தடுமாறுறா" என்பார். "எல்லாரும் நல்லா படிக்கிறாங்க" என்று மட்டும் வந்தால் அவர் பிள்ளைகளைத் தனித்தனியாகப் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

பிறகு நீங்களே ஒரு சோதனை செய்யுங்கள். அந்தப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். வாசிக்கச் சொல்லுங்கள். பாடப்புத்தகம் வேண்டாம், அது மனப்பாடமாக இருக்கும். விரல் ஒரு வரியில் இருக்கும், வாய் அடுத்த வரிக்குப் போய்விட்டிருக்கும். கல்வித்துறை வெளியிடும் 'ஊஞ்சல்' இதழோ, வாசிப்பு இயக்கத்தின் சின்னக் கதைப் புத்தகமோ, எதுவானாலும் பிள்ளை முன்பு பார்க்காத ஒரு பத்தி போதும். நாலு பேர் முன்னால் நிறுத்திக் கேட்காதீர்கள். திண்ணையில் பக்கத்தில் உட்கார வைத்துக் கதை கேட்கிற மாதிரி கேளுங்கள்.

247 எழுத்தையும் ஒப்பிக்கிற பிள்ளை ஒரு சொல்லைக் கூட்டி வாசிக்க முடியாமல் நிற்பது உண்டு. தடுமாறுகிற இடத்தைக் கவனியுங்கள். 'கொடி'யைக் 'கெடி' என்று வாசித்தால், எழுத்துக்கு முன்னும் பின்னும் வரும் குறிகளைச் சேர்த்துப் பார்க்க இன்னும் பழகவில்லை. ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிவிட்டுக் கடைசியில் சொல் என்னவென்று தெரியாமல் முகத்தைப் பார்த்தால், பயிற்சி போதவில்லை. சரளமாக வாசித்தும் "ஆடு ஏன் ஓடிச்சு?" என்றால் விழித்தால், பொருளோடு வாசிக்க யாரும் சொல்லித் தரவில்லை. ளகர ழகரம் மாறுவதைப் பெரிதாக எடுக்க வேண்டாம், அது பேச்சோடு வந்தது. கணக்குக்கு ஒன்று போதும்: ஐம்பது ரூபாய் கொடுத்து முப்பத்திரண்டு ரூபாய்க்குச் சாமான் வாங்கினால் மிச்சம் எவ்வளவு என்று கேளுங்கள்.

யாருடைய பிள்ளையை வாசிக்கச் சொல்கிறீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. டீச்சர் கூப்பிட்டு நிறுத்துகிற பிள்ளையை விடுங்கள். டியூஷன் போகிற பிள்ளையையும் விடுங்கள். அப்பா அம்மா இருவரும் படிக்காதவர்கள், விடிந்தால் நூறு நாள் வேலைக்கோ கொத்து வேலைக்கோ போகிறவர்கள், வீட்டில் சொல்லித்தர ஆளில்லை என்கிற பிள்ளையைத் தேடுங்கள். அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிற ஒவ்வொரு சொல்லும் பள்ளி கொடுத்தது. அது தட்டித் தடவியாவது பொருள் புரிந்து வாசித்தால், அந்தப் பள்ளியில் கூரை ஒழுகினாலும் உங்கள் மகளை நம்பிச் சேர்க்கலாம்.

இப்படி வாசிக்கச் சொல்லிப் பார்ப்பது இந்த மாவட்டத்துக்குப் புதிதும் இல்லை. 1991இல் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது அறிவொளி இயக்கம் இங்கே ஊர் ஊராகப் போனது. கல்லுடைக்கிற பெண்களும் வயலில் நிற்கிற பெண்களும் ராத்திரியில் எழுத்துக் கற்றார்கள், பகலில் சைக்கிள் கற்றார்கள். தெருவிலேயே, எல்லார் முன்னாலும், ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டினார்கள். அவர்கள் இன்றைக்கு அப்பத்தாக்கள். பேரப்பிள்ளையின் வாசிப்பைச் சோதிக்க அவர்களைவிடத் தகுதியானவர்கள் யார்? அப்படிப்பட்ட ஒருவர் வீட்டில் இருந்தால் பள்ளிக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

பள்ளிக்குள் போனால் கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்து பாருங்கள். பெண் பிள்ளைகளின் கழிப்பறைச் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். 2021 டிசம்பரில் நெல்லையில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் இறந்த பிறகு மாநிலம் முழுக்கப் பழைய கட்டடங்களைச் சோதித்தார்கள். உங்கள் ஊரில் எதையாவது இடித்திருந்தால், அந்த இடத்தில் புதிது கட்டியாயிற்றா என்று கேட்பது நியாயம். கதைப் புத்தகங்கள் பீரோவுக்குள் புதுக்கருக்கு அழியாமல் இருந்தால் அவற்றைப் பிள்ளைகள் தொடவில்லை. மூலை மடங்கி, அட்டை கிழிந்திருந்தால் நல்ல அடையாளம். ஆங்கில வழிப் பிரிவு இருக்கிறதா என்பதைக் கடைசியில் கேளுங்கள், பெரும்பாலும் அதே ஆசிரியர்தான் அதையும் எடுப்பார்.

சாப்பாட்டு நேரத்தில் போனால் இன்னும் நல்லது. 2023 ஆகஸ்ட் முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் காலை உணவும் உண்டு. யார் யாரோடு உட்காருகிறார்கள், தண்ணீர் எல்லாருக்கும் ஒரே குழாயா, கூட்டிப் பெருக்க எந்தத் தெருப் பிள்ளைகளின் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது என்று பாருங்கள். ஆதிதிராவிட மக்கள் குடிக்கிற தண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்த வேங்கைவயல் இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. 2022 டிசம்பரில் அது வெளியே வந்ததே, குழந்தைகளுக்கு உடம்புக்கு முடியாமல் போன பிறகுதான். பந்தியில் பிள்ளைகளைப் பிரிக்கிற பள்ளி எத்தனை பரிசு வாங்கியிருந்தாலும் என் கணக்கில் நல்ல பள்ளி இல்லை. இதில் நான் இறங்கி வர மாட்டேன்.

அறந்தாங்கிப் பக்கம் பச்சலூர் ஒன்றிய நடுநிலைப் பள்ளியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஏ.சி. வகுப்பறை, பெரிய திரை என்று பத்திரிகைகளில் வந்த பள்ளி. அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு அந்த வசதி ஏன் கூடாது? வேண்டும், எல்லா ஊரிலும் வேண்டும். கீரமங்கலம், வடகாடு சுற்றுவட்டாரத்தில் தாம்பாளத்தில் நோட்டு, கடிகாரம், தோளில் நாற்காலி, பீரோ என்று மேளதாளத்தோடு பள்ளிக்குக் கல்விச் சீர் கொண்டுபோகும் வழக்கமும் இருக்கிறது. பிள்ளைக்குச் சீர் செய்வதுபோல ஒரு ஊர் தன் பள்ளிக்குச் செய்கிறது என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம். ஒன்றே ஒன்றுதான் கேட்பேன். சீர் கொண்டுபோன கூட்டம் அடுத்த மாதம் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கும் வர வேண்டும். அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்பது சட்டம். கையெழுத்து மட்டும் வீட்டுக்கு வந்து வாங்கிப் போகிறார்களா, உண்மையில் உட்கார்ந்து பேசுகிறார்களா என்று உறுப்பினர் ஒருவரைக் கேட்டாலே தெரிந்துவிடும்.

பார்த்ததில் குறை இருந்தால் எடுத்த எடுப்பில் வட்டாரக் கல்வி அலுவலருக்கு மனு எழுத வேண்டாம். முதலில் தலைமை ஆசிரியர், பிறகு மேலாண்மைக் குழு. ஆசிரியர் பணியிடம் காலி, கட்டடம் இடிந்த நிலை என்பவை அவர்கள் கைக்கு மீறியவை. அவற்றைக் கிராம சபையில் தீர்மானமாக எழுத வையுங்கள். ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஜூனில் மகளைச் சேர்த்தால், ஆகஸ்ட் 15 கூட்டத்துக்குள் பள்ளி எப்படி என்று உங்களுக்கே ஓரளவு பிடிபட்டிருக்கும். காலாண்டு விடுமுறையில் அவளுக்குத் தெரிந்த எழுத்துகளை வைத்து நீங்களே இரண்டு மூன்று புதுச் சொற்களை எழுதிக் காட்டி வாசிக்கச் சொல்லுங்கள், தேதி போட்டு ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அரையாண்டு விடுமுறையில் வேறு சொற்களை எழுதி மறுபடி கேளுங்கள். இரண்டு பக்கத்தையும் எடுத்துக்கொண்டு போய் டீச்சரிடம் காட்டுங்கள்.